இரண்டு நாளில் காரைக்குடி: அருங்காட்சியகம் ஒன்று போதும்

கேள்வி: சென்னையில் பணிபுரிகிறேன். காரைக்குடியில் வசிக்கும் கல்லூரித் தோழியைப் பார்க்க, வெள்ளிக்கிழமை பிற்பகல் பல்லவன் விரைவு ரயிலில் புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்ப எண்ணியுள்ளேன். புதுக்கோட்டை, கீழடி ஆகிய இரண்டு அருங்காட்சியகங்களையும் இந்தப் பயணத்தில் பார்க்க இயலுமா? தோழி வீட்டாருக்குச் சிரமம் கொடுக்காமல் செட்டிநாட்டுச் சாப்பாட்டை உண்பதற்கு என்ன வழி?

பதில்: இரண்டையும் பார்க்க முயல வேண்டாம் என்பதே என் கருத்து. கீழடி மதுரைக்கு அருகே, காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. புதுக்கோட்டையோ வேறு திசையில், வடக்கே, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் உள்ளது. இரண்டுக்கும் போனால் தோழியுடன் பேசுவதற்கான நேரமெல்லாம் காரிலேயே கழிந்துவிடும். கீழடி அருங்காட்சியகக் கட்டடம் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் எழுப்பப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. மதுரைக்குப் போகும் வேறொரு பயணத்தில் அதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமையைப் புதுக்கோட்டைச் சாலைக்கென ஒதுக்குங்கள். தோழியையும் அழைத்துக்கொண்டு, காலையிலேயே வாடகைக் காரில் நேராகத் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் மற்ற இடங்களைப் பார்ப்பதே வசதி. 1910-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் தொடங்கிய அருங்காட்சியகம் அது. ஒரு தனி அரசின் முழு உடைமையையும் ஒரே கூரையின்கீழ் காட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்ததாலோ என்னவோ, செப்புத் திருமேனிகள், ஈமத்தாழிகள், கல்வெட்டுகள், பாடம் செய்த விலங்குகள், கனிமங்கள் என எல்லாமே அங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. இக்கால அருங்காட்சியகங்களின் ஒளியமைப்பை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். பொறுமையாகப் பார்ப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் போதாது. அருகிலுள்ள கோயிலில் குடிகொண்டிருக்கும் பிரகதாம்பாள்தான் சமஸ்தானத்தின் குலதெய்வம். 'அம்மன் காசு' எனப்பட்ட செப்புக் காசில் அவளுடைய உருவமே பொறிக்கப்பட்டது. எனவே கோயில் நடை சாத்தும் நண்பகலுக்கு முன் அங்கும் ஒருமுறை சென்றுவருவது பொருத்தம்.

திரும்பும்போது திருமயம் கோட்டை வழியிலேயே வரும். வெயில் கடுமையாக இருந்தால் கோட்டையின் உச்சிக்கு ஏற வேண்டாம். அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடையப்பட்ட குடைவரைகள் கோட்டையைவிடப் பழமையானவை, ஆனால் அவையும் பிற்பகலில் மூடியிருக்கும். அங்கிருந்து கானாடுகாத்தானுக்கு வந்துவிட்டால், என் பார்வையில் உண்மையான அருங்காட்சியகம் தொடங்குகிறது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஒன்றை முன்கூட்டியே அறிந்திருந்தால் ஏமாற்றம் குறையும். பெரும்பாலான வீடுகள் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குள் பிரிக்கப்பட்டிருக்கும். அவரவர் அறையின் சாவி அவரவரிடம், பல சமயம் வெளியூரில் இருக்கும். காவலாளி அன்போடு மறுத்தால் அதற்குக் காரணம் இதுதான், வற்புறுத்த வேண்டாம். கானாடுகாத்தான் அரண்மனையை வெளியே நின்று பார்ப்பதோடு நிறைவடைந்து, உட்புறத்தைக் காண ஆத்தங்குடிப் பெரிய வீட்டுக்குச் செல்லுங்கள். அங்கே கட்டணம் செலுத்தினால் முகப்பிலிருந்து உள்ளே நடந்து பார்க்கலாம். அதே ஊரில் தரையோடு செய்யும் பட்டறைகளும் உள்ளன. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் மேலே மணலும் சிமெண்டும் இட்டுச் சமன்செய்வார்கள். பின்னர் நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சூளையே கிடையாது. ஓட்டின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. இதைச் செய்முறையாகவே பார்க்க விரும்பினால் சனிக்கிழமை மாலைக்குள் போய்விடுவது நல்லது.

இனி சாப்பாடு. உணவகங்கள் 'செட்டிநாடு' என்ற பெயரில் பரிமாறும் சிவந்த காரக்குழம்பை வைத்து இந்தச் சமையலை மதிப்பிடாதீர்கள். வீட்டுச் சமையலில் மிளகு, சோம்பு, கல்பாசி ஆகியவற்றின் மணமே முன்னிற்கும், காரம் பின்னால்தான் வரும். அரிசி களைந்த கழுநீரில் புளி கரைத்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டி போன்ற எளிய பதார்த்தத்தில்தான் கைப்பக்குவம் தெரியும். தோழியின் தாயாரிடம் எதையும் கேட்காமல் இருப்பது மரியாதை என்று நினைக்க வேண்டாம். எதையும் கேட்காத விருந்தாளிக்காகப் பத்து வகை செய்துவிடுவார்கள். ஒரே ஒரு பலகாரத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் காலை உணவுக்குப் போதும். கவுனி அரிசி என்னும் கறுப்பரிசி இனிப்பைக் கேட்பதானால் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள், அது இரவெல்லாம் ஊறினால்தான் வேகும்.

சனிக்கிழமை மதிய உணவைக் கானாடுகாத்தானிலோ சுற்றியுள்ள ஊர்களிலோ விடுதிகளாக மாறியிருக்கும் பழைய வீடுகளில் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம். முந்தைய நாளே தொலைபேசியில் இலைச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைக்க வேண்டும், விலையும் சற்றுக் கூடுதல்தான். ஞாயிறு மதியம் காரைக்குடி மெஸ் ஒன்றுக்குத் தோழியின் குடும்பத்தாரை நீங்கள் அழைத்துச் செல்லுங்கள், அவருடைய தாயாருக்கு அடுப்படியிலிருந்து ஒருவேளை ஓய்வு கிடைக்கும். அன்று காலை பிள்ளையார்பட்டி, மாலை முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள், அவ்வளவே போதும். தேன்குழல், மணகோலம், கைமுறுக்கு ஆகியவற்றை வீட்டில் செய்து விற்பவர்களிடம் சனிக்கிழமையே சொல்லிவைத்து, ரயிலுக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம் தேவை. புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. நீங்கள் வருவது இரண்டாம் சனிக்கிழமை வாரமாக இருந்தால், ஆத்தங்குடியையும் கானாடுகாத்தானையும் சனிக்கிழமையே முடித்துக்கொண்டு, பிள்ளையார்பட்டியை விட்டுவிட்டு, புதுக்கோட்டையை ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.