செர்ன் பயிற்சிக்கு ஒன்றே முக்கால் லட்சம் கட்டலாமா?

காரிமங்கலத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். துகள் இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசை. ஓசூரில் ஒரு கன்சல்டன்சிக்காரர் 1,75,000 ரூபாய் கட்டினால் சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆய்வகப் பயிற்சி, அவள் பெயரில் சர்வதேச ஆய்வுக்கட்டுரை, பிறகு பிஎச்.டி. இடம் என மூன்றையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். 10,000 முன்பணமும் மார்க் ஷீட்டும் கொடுத்துவிட்டேன். மாந்தோப்புக் குத்தகைப் பணம் வந்ததும் மீதியைக் கட்டலாமா? கடவுள் துகளைத்தான் கண்டுபிடித்துவிட்டார்களே, இனி இதில் ஆராய என்ன இருக்கிறது?"

கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய 'சேர்க்கைக் கடித' நகலைப் பார்த்தேன். வண்ண முத்திரை இரண்டு, கீழே ஜிமெயில் முகவரி. செர்ன் என்பது துகள் இயற்பியலுக்கான பெரிய ஐரோப்பிய ஆய்வகம்; அது தன் கடிதத்தை ஜிமெயிலில் அனுப்பாது. அதன் கோடைக்கால மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது; தேர்வானவருக்குத் தங்கும் செலவுக்கு அவர்களே பணம் கொடுக்கிறார்கள். அந்தக் கோடைக்குள் குறைந்தது மூன்று ஆண்டு பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் மகள் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு இல்லாத இடத்தைத்தான் விலை பேசியிருக்கிறார்.

ஆய்வுக்கட்டுரை இன்னும் மோசம். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகியதற்கு, பிஎச்.டி. முடிக்கக் கட்டுரை கட்டாயம் என்று பல ஆண்டுகள் வைத்திருந்த விதியும் ஒரு காரணம். 2022-இல் யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கடை விரித்தவர்கள் மட்டும் இன்னும் மூடவில்லை. துகள் இயற்பியலில் 1991-லிருந்தே கட்டுரைகளை ஆர்க்கைவ் தளத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம். முன்னணி இதழ்கள் பலவற்றின் செலவை 2014 முதல் ஸ்கோப்3 என்ற கூட்டமைப்பு ஏற்கிறது. எழுதியவர் கட்ட வேண்டியதில்லை. பி.எஸ்சி. மாணவியின் பெயரில் விலைக்கு வாங்கிய கட்டுரை இருந்தால், நேர்முகத்தில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும். பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளை அவமானப்பட்டு நிற்கும்.

பிஎச்.டி. இடமும் விற்பனைக்கு இல்லை. பட்டம் முடித்ததும் ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு. சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஜெஸ்ட் தேர்வு. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

நியாயமாகக் கட்ட வேண்டிய பணம் ஒன்று உண்டு: தேர்வுக் கட்டணம். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தைக் கொடுத்தால், அவசரத்தில் கடைக்காரர் தன் செல்போன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். ஓடிபி அவருக்குப் போகும், ஹால் டிக்கெட் தகவலும் அவருக்குத்தான் போகும். ஜாம் தேர்வில் பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதைக் குறிக்காமல் முழுத் தொகையும் வாங்கிவிடுவார்கள். மகளே தன் எண்ணில், தன் மின்னஞ்சலில், தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்யட்டும். கட்டிய ரசீதைப் பிரிண்ட் எடுத்து வீட்டில் வையுங்கள்.

சரி, ஆராய என்ன இருக்கிறது? நீங்கள் சொல்லும் ஹிக்ஸ் துகளை 2012 ஜூலை 4 அன்று அறிவித்தார்கள். அது தன்னோடு தானே எப்படி வினைபுரிகிறது என்பதை இன்னும் சரிவர அளக்கவில்லை. அதற்காகவே ஜெனிவாவில் துகள்களை மோதவிடும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தை மேம்படுத்துகிறார்கள். நாம் பார்க்கும் பொருள் அண்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோவுக்கு நிறை உண்டு, எவ்வளவு என்று தெரியாது. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகளான மியூவானின் காந்தத் தன்மையில் புதுவிசை தெரிகிறது என்று 2021-இல் பரபரப்பாகப் பேசினார்கள். 2025-இல் இறுதி அளவீடு வந்தபோது, கோட்பாட்டாளர்களின் புதிய கணக்கு அதோடு ஏறத்தாழ ஒத்துப்போய்விட்டது. ஆக, 'ஹாட் டாபிக்' என்று ஒருவர் இன்று விற்பது நாளை இருக்காது. மகள் இப்போது தலைப்பு தேட வேண்டாம். குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல், பைத்தான் நிரல் இவற்றில் உட்காரட்டும்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்றும் நினைக்காதீர்கள். வேப்பனப்பள்ளி தாண்டி கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயல் இருக்கிறது. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-இல் அங்கே, சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, பிடித்தார்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோடு ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்த ஆய்வு அது. அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. தேனி பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, இன்றுவரை எழவில்லை. மலையைக் குடைந்தால் என்ன ஆகுமோ என்று பயந்த மக்களிடம் முதல் நாளே தமிழில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. பயிற்சி அறிவிப்புகளிலும் அதே கோளாறுதான்: எல்லாம் ஆங்கிலத்தில், எங்கோ ஒரு வலைப்பக்கத்தில். கல்லூரி நோட்டீஸ் போர்டுக்கு வருவதற்குள் கடைசி தேதி போய்விடுகிறது. அந்த இடைவெளியில்தான் இந்த ஓசூர்க்காரர் பிழைக்கிறார்.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு உங்கள் மகள் இப்போதே தயாராகலாம். தேர்வானால் ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை, கையில் உதவித்தொகை. ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்.

முன்பணத்தை யுபிஐ-யில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். திருப்பித் தர மறுத்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், நாளைக் காலையே ஓசூர் பஸ் ஏறி மகளின் அசல் மார்க் ஷீட்டைக் கையில் வாங்குங்கள். பணப் பேச்சையே எடுக்காமல், கல்லூரியில் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.