பரிசுப் பணம் வாங்கினால் ஒலிம்பிக் வாய்ப்பு போய்விடுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. 800, 1,500 மீட்டர் ஓடுகிறாள். சென்ற மாதம் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டம் ஒன்றில் இரண்டாவதாக வந்து பரிசுப் பணம் வாங்கினாள். அதைப் பார்த்து ஒரு ஷூ நிறுவனம் இரண்டு வருட ஒப்பந்தம் தர முன்வந்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு உதவித்தொகைக்கும் பேச்சு நடக்கிறது. "காசு வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும், ஒலிம்பிக்கில் ஓடவே முடியாது" என்கிறார் அவளுடைய பழைய பயிற்சியாளர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: ஒலிம்பிக்கை நினைத்துப் பயப்பட வேண்டாம். பரிசுப் பணத்தாலோ ஷூ ஒப்பந்தத்தாலோ உங்கள் மகளின் ஒலிம்பிக் தகுதிக்கு எந்தப் பாதிப்பும் வராது. ஆனாலும் கையெழுத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அது இடிக்கப்போகும் இடம் அமெரிக்கப் பல்கலைக்கழகம்.

அமெச்சூர் என்றால் பணத்துக்காக விளையாடாதவர். பயிற்சியாளர் சொன்னது ஒரு காலத்தில் முழு உண்மை. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் (ஐந்து, பத்துப் பிரிவுகள் சேர்ந்த தடகளப் போட்டிகள்) இரண்டிலும் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் ஜிம் தோர்ப். அவர் 1909, 1910ல் சிறிய பேஸ்பால் லீக்கில் கொஞ்சம் சம்பளத்துக்கு ஆடியிருந்தார் என்று 1913ல் இரண்டையும் பறித்துவிட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் 30 நாட்களுக்குள் எழுப்ப வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி; இந்தப் புகார் வந்ததோ பல மாதங்கள் கழித்து. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் மட்டுமே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி மறுபடி ஏற்றுக்கொள்ள 2022 ஆயிற்று. பின்லாந்தின் ஓட்டக்காரர் பாவோ நூர்மி பயணச் செலவு என்ற பெயரில் பணம் வாங்கினார் என்று 1932 ஒலிம்பிக்கில் ஓடவிடாமல் தடுக்கப்பட்டார். 1948ல் குதிரையேற்றத்தின் டிரசாஜ் (குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் பிரிவு) அணிப் போட்டியில் ஸ்வீடன் வென்ற தங்கம் மறு ஆண்டே பறிபோனது. இராணுவத்தினரில் அதிகாரிகளை மட்டுமே அமெச்சூர் என்று ஏற்றார்கள்; அணியில் இருந்த ஒருவர் அதிகாரி இல்லை, வெறும் சார்ஜன்ட் என்பதுதான் காரணம்! வசதியும் அந்தஸ்தும் இல்லாதவர்களை வெளியே நிறுத்தவே இந்த விதி அதிகம் பயன்பட்டது. அது ஒழிந்தது விளையாட்டுக்கு நல்லது.

ஒழிந்தது படிப்படியாக. 1974ல், பயிற்சிக்காக வேலையை விட்டு வருபவர்களுக்கு இழப்பீடு தர அனுமதி கிடைத்தது. 1986ல், யாரை அனுமதிப்பது என்பதை அந்தந்த விளையாட்டின் சர்வதேச சம்மேளனமே முடிவு செய்யட்டும் என்று ஒலிம்பிக் கமிட்டி விட்டுவிட்டது. 1988ல் டென்னிஸிலும் 1992ல் கூடைப்பந்திலும் கோடிகளில் சம்பாதிப்பவர்கள் வந்து ஆடினார்கள். தடகளத்தில் 1982லேயே வீரர்களின் வருமானத்தை அறக்கட்டளை நிதியில் போட்டுவைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. தன் பெயரில் இருந்த 'அமெச்சூர்' என்ற சொல்லைச் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 2001ல் நீக்கியது. 2024 பாரிஸில் அதே சம்மேளனம் ஒவ்வொரு தடகளத் தங்கத்துக்கும் 50,000 டாலர் கொடுத்தது.

ஆகவே, அமெச்சூரா தொழில்முறையா என்ற கேள்விக்கு எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும் பதில் இன்று கிடையாது. ஆண்கள் கால்பந்தில் 23 வயது வரம்பும், அதைத் தாண்டிய மூவருக்கு மட்டும் இடமும் என்பது உலகக் கோப்பையின் மதிப்பைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குத்துச்சண்டையில் தொழில்முறை வீரர்களுக்கு 2016ல் கதவு திறந்தது. அந்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்குக்கு வந்தவர்கள் மூன்று பேர்தான், ஒருவருக்கும் பதக்கம் இல்லை. 12 சுற்றுக்குப் பழகிய உடம்பு மூன்றே சுற்றில் வேகத்தைக் காட்டுவது சுலபமில்லை. கோல்ஃபில் அமெச்சூர் தகுதிக்கு இன்னும் தனி விதி உண்டு என்றாலும் ஒலிம்பிக்கில் இரு தரப்பும் ஆடலாம்.

இனி உங்கள் மகளின் விஷயம். சாலை ஓட்டப் பரிசில் பார்க்க வேண்டியது, அந்த ஓட்டத்துக்குத் தேசிய தடகளச் சம்மேளனத்தின் அங்கீகாரம் இருந்ததா என்பது. அங்கீகாரம் இல்லாத போட்டியில் ஓடினால் சம்மேளனம் கேள்வி கேட்கலாம். அங்கே ஓடிய நேரமும் தரவரிசைக்குக் கணக்காகாது. ஒலிம்பிக்குக்கு வீரர் தானாக விண்ணப்பிக்க முடியாது. சம்மேளனம் பரிந்துரைக்க, தேசிய ஒலிம்பிக் கமிட்டிதான் பெயரை அனுப்புகிறது. பாரிஸுக்கு நேரடித் தகுதி நேரம் பெண்கள் 800 மீட்டரில் 1:59.30, 1,500 மீட்டரில் 4:02.50. அதை எட்டாதவர்கள் பெரும்பாலும் உலகத் தரவரிசை வழியாகப் போனார்கள். எனவே அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் மட்டும் ஓடுவது அவளுக்கு முக்கியம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில்தான் அமெச்சூர் என்ற கேள்விக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அதன் முதல் இரண்டு பிரிவுகளில் சேருகிற ஒவ்வொருவரும் தகுதி மையத்தில் பதிந்து அமெச்சூர் சான்று வாங்க வேண்டும். பரிசுப் பணம், ஒப்பந்தம், ஏஜென்ட் எல்லாவற்றையும் அங்கே கேட்பார்கள். மறைத்துப் பின்னால் தெரியவந்தால், வாங்கிய பணத்தைவிட மறைத்ததே பெரிய குற்றமாகும். பரிசு, போட்டிக்கு உண்மையில் ஆன செலவைத் தாண்டக்கூடாது என்பது அங்கே நெடுநாள் இருந்துவந்த நடைமுறை. நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், பயிற்சிக் கட்டணம் ஆகிய ரசீதுகளை இன்றே தேடி எடுத்துத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். பரிசு வந்த வங்கிக் கணக்குப் பக்கமும் அதோடு இருக்கட்டும்.

2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அங்கே அனுமதி உண்டு. ஓடி ஜெயித்ததற்குக் கூலி என்று வந்தால் கதை வேறு. ஷூ ஒப்பந்தங்களில் 'முதல் மூன்று இடத்துக்கு இவ்வளவு, இந்த நேரத்துக்குள் ஓடினால் இவ்வளவு' என்று போனஸ் அட்டவணை இருக்கும். மாணவிக்கு ஆபத்து அந்தப் பக்கத்தில்தான். வெளிநாட்டு மாணவி என்றால் இன்னொரு சிக்கல்: மாணவர் விசாவில் சம்பாதிப்பதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு, விளம்பரப் படப்பிடிப்பும் வேலையாகக் கணக்காகலாம். பல்கலைக்கழகப் பயிற்சியாளர் வாயால் 'பரவாயில்லை' என்று சொல்வது போதாது. விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் அலுவலகம் அங்கே தனியாக இருக்கும். ஒப்பந்த நகலை அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் சேர்ந்தவருக்குச் சொன்ன பதிலை நம்ப வேண்டாம்.

உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே பார்ப்பது மாணவியா, 18 முதல் 25 வயதுக்குள் இருக்கிறாளா என்பதைத்தான்.

படிப்பை விட்டுவிட்டு ஒப்பந்தத்தையே எடுப்பதாக முடிவு செய்தாலும், தொகையைப் பார்ப்பதற்கு முன் சில பிரிவுகளை வரி விடாமல் படியுங்கள். முதலில் குறைப்புப் பிரிவு: காயத்தால் இத்தனை போட்டிகளில் ஓடாவிட்டாலோ, தரவரிசை இறங்கினாலோ ஆண்டுத் தொகையைக் குறைக்கலாம் என்று இருக்கும். நல்ல வருடத்தில் கண்ணில் படாது. தசைநார் கிழிந்து ஆறு மாதம் படுத்தால் வீட்டுச் செலவுக்கே கை வைக்கும். கர்ப்ப காலத்தில் இந்தக் குறைப்பு பொருந்தாது என்று தனியாக எழுதி வாங்குங்கள். அலிசன் பீலிக்ஸ் உள்ளிட்ட அமெரிக்க வீராங்கனைகள் 2019ல் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் நைக்கி 18 மாதங்களுக்குக் குறைப்பு இல்லை என்று கொள்கையை மாற்றியது.

அடுத்தது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் உரிமை. வேறு நிறுவனம் அதிகம் தந்தால் அதே தொகையைக் கொடுத்து வீரரைத் தக்கவைக்கலாம் என்ற பிரிவு இது. அமெரிக்காவின் 800 மீட்டர் ஓட்டக்காரர் போரிஸ் பெரியன் வேறு நிறுவனத்துக்கு மாறியபோது, இதைக் காட்டித்தான் நைக்கி 2016ல் வழக்குப் போட்டது. மாற்று நிறுவனம் குறைப்புப் பிரிவே இல்லாமல் தர முன்வந்திருந்தது, சமமாகத் தருவதாக நைக்கி சொன்ன ஒப்பந்தத்தில் அந்தச் சலுகை இல்லை என்பது அவர் தரப்பு வாதம். ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்குச் சில நாட்கள் முன்புதான் நைக்கி வழக்கைக் கைவிட்டது. இந்தப் பிரிவை நீக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் 'எல்லா நிபந்தனைகளிலும் சமமாக' என்று எழுதி, அதற்கு 90 நாள் போல ஒரு கெடுவும் வையுங்கள்.

ஷூவையே எடுத்துக்கொண்டால், 2024 நவம்பர் 1 முதல் டிராக் ஓட்டங்களில் அடிப்பாகம் 20 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. சாலையில் 40 வரை போகலாம். மாடல் உலகத் தடகள அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். நிறுவனத்திடம் தகுந்த ஸ்பைக் (ஆணி பதித்த ஓட்டக் காலணி) இல்லாவிட்டால் வேறு பிராண்டை அணிய அனுமதி உண்டு என்று ஒரு வரி சேருங்கள். ஒலிம்பிக் சாசனத்தின் 40ஆம் விதியும் உண்டு. போட்டி நாட்களில் ஒலிம்பிக் ஸ்பான்சர் அல்லாத நிறுவனங்கள் வீரர்களை விளம்பரத்தில் காட்டுவதற்குக் கட்டுப்பாடு. பாரிஸில் அது 2024 ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 13 வரை இருந்தது. அந்த நாட்களில் சமூக ஊடகத்தில் விளம்பரப் பதிவு போடாததை ஒப்பந்த மீறலாகக் கருதக்கூடாது என்றும் எழுத வேண்டும்.

ஊட்டச்சத்துப் பொடி ஏதாவது ஒப்பந்தத்தோடு இணைந்து வருகிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் பிடித்துக் காட்டலாம், சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஊக்கமருந்து விதியில் உடம்பில் எது இருந்தாலும் பொறுப்பு வீரருடையது; டப்பாவில் கலப்படம் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், பொறுப்பை மாற்றாது. தரவரிசையில் மேலே போனால் சோதனைப் பட்டியலில் பெயர் சேரும். தினமும் காலை 5 முதல் இரவு 11க்குள் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். 12 மாதங்களில் மூன்று முறை தவறினால் இரண்டு வருடத் தடை வரை போகும். விளம்பரப் படப்பிடிப்புக்காகத் திடீரென ஊர் மாறும் நாளில்தான் இந்தப் பதிவு மறந்துபோகிறது. இடம் மாறுவதைக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.