பழைய பாத்ரூம் ட்ரெயின் பைப்: ரெண்டு அடி மாத்தினா போதுமா, முழுசா மாத்தணுமா?

கேள்வி: வீடு கட்டி 40 வருஷத்துக்கு மேல ஆச்சு. மாடி பாத்ரூம்ல தண்ணி நின்னு நின்னுதான் போகுது, கீழ் ரூம் சீலிங்ல மஞ்சள் கறை வேற. உள்ள இருக்கறது காஸ்ட் அயர்ன் பைப். ஒரு பிளம்பர் லீக் ஆகுற இடத்துல 2 அடி வெட்டி பிவிசி போட்டுடலாம்ங்கறார், இன்னொருத்தர் மொத்தத்தையும் உடைக்கணும்ங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?

பதில்: ரெண்டு பேரையும் கொஞ்சம் ஓரமா நிக்க வைங்க. முதல்ல லீக் பைப்லதானான்னு பாக்கணும். தரை நல்லா காஞ்ச பிறகு, தரையில சொட்டு படாம ஒரு ஹோஸை நேரா ட்ராப்புக்குள்ள (தரையில தண்ணி இறங்கற ஓட்டைக்கு அடியில, கொஞ்சம் தண்ணி நிக்கற கிண்ணம்) விட்டு ரெண்டு மூணு பக்கெட் தண்ணி ஊத்துங்க, கீழ ஈரம் வந்தா பைப், ட்ராப் ரெண்டுல ஒண்ணு. வரலன்னா மறுநாள் ட்ராப் வாயை அடைச்சுட்டு தரையில மட்டும் தண்ணி நிக்க விடுங்க, அப்போ வந்தா டைல்ஸ் இடுக்கோ அடியில வாட்டர் ப்ரூஃபிங்கோ போச்சுன்னு அர்த்தம், பைப்பை மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. ரெண்டுலயும் வராம பாத்ரூமை யாரும் தொடாத நாள்லயும் கறை வளருதுன்னா அது அநேகமா ட்ரெயின் இல்ல, குழாய்க்கு தண்ணி கொண்டு வர்ற சப்ளை லைன்.

பைப்தான்னு உறுதியாச்சுன்னா நான் ரெண்டாவது ஆள் பக்கம். காஸ்ட் அயர்ன் வெளிய பாக்க கல்லு மாதிரி இருக்கும், வெட்டி எடுத்து உள்ள பாத்தா துருவும் அழுக்கும் சேர்ந்து கரடுமுரடா அடைச்சு 4 இஞ்ச் பைப்ல ரெண்டு விரல்தான் போகும், அடிப்பக்கம் காகிதம் மாதிரி மெலிஞ்சிருக்கும். அதோட புது பிவிசியை ரப்பர் கப்ளிங் போட்டு க்ளாம்ப்பை முறுக்கினா பழைய முனை பொலபொலன்னு உதிரும், வெட்டுற அதிர்ச்சியில பக்கத்து ஜாயின்ட் விட்டுக்கும். எங்க வீட்டுல நானும் 2 அடி ஆசைப்பட்டவன்தான், அடுத்த வருஷமே அதே தரையை திரும்ப உடைச்சோம், புது டைல்ஸுக்கு பழைய கலர் கிடைக்காத கதை தனி. செலவுல பெரிய பங்கு பைப்புக்கு இல்ல, உடைச்சு மூடி வாட்டர் ப்ரூஃபிங் பண்ணி டைல்ஸ் ஒட்டுறதுக்குத்தான். அதனால தரையை திறந்தா செங்குத்தா இறங்குற பைப் வரைக்கும் மாத்திடுங்க. அந்த செங்குத்து பைப்பையும் மாத்தணுமான்னு கேமரா விட்டு பாத்து முடிவு பண்ணுங்க, வீடியோவை வாங்கி வச்சுக்கோங்க, அப்புறம் மத்தவங்க கிட்ட கொட்டேஷன் கேக்கறப்போ வாய்ப்பேச்சு குறையும்.

வேலை நடக்கறப்போ நீங்க பக்கத்துல நிக்க வேண்டியது வாட்டம் பாக்கறப்போ. மீட்டருக்கு 2லேர்ந்து 2.5 சென்டிமீட்டர் இறக்கம் வேணும், கண்ணால பாத்து "ஓகே சார்"னு சொன்னா விடாதீங்க, ரசமட்டம் வைக்கச் சொல்லுங்க. டாய்லெட்டுக்கு 110 மில்லிமீட்டர், தரை ட்ராப்புக்கு 75 போதும். வளைவுல ஒரே 90 டிகிரி எல்போ வேண்டாம், ரெண்டு 45 போடச் சொல்லுங்க, அடைப்பு எடுக்க கை போற இடத்துல ஒரு டோர் பெண்டும் (திறக்கற மூடி வச்ச வளைவு). ட்ராப்ல 50 மில்லிமீட்டர் தண்ணி நிக்கணும், அதுதான் நாத்தத்தை தடுக்குது. ஃப்ளஷ் பண்றப்போ தரை ட்ராப் குளுக் குளுக்னு சத்தம் போட்டா அநேகமா வென்ட் பைப் (லைனுக்குள்ள காத்து போக வர விடற பைப்) இல்ல, இல்லன்னா எங்கயோ அடைச்சிருக்கு, அதையும் இப்பவே சரி பண்ணிடுங்க.

மூடறதுக்கு முன்னாடி கீழ் முனையை அடைச்சு பைப் முழுக்க தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி வைக்கணும், காலைல மட்டம் இறங்கியிருந்தா கொத்தனாரை கரண்டியைத் தொட விடாதீங்க. கடைசி தவணை பணம் இந்த டெஸ்ட்டுக்கு அப்புறம்தான்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்கிடுங்க.

கேள்வி: அதுவரைக்கும் அடைப்புக்கு ஆசிட் ஊத்தி சமாளிக்கலாமா?

பதில்: ஐயோ வேண்டாம். ஏற்கனவே மெலிஞ்ச இரும்பை அது இன்னும் அரிக்கும். ஸ்பிரிங் கம்பி விட்டு எடுங்க. இதுக்குள்ள ஊத்தியிருந்தா பைப்பை திறக்கறதுக்கு முன்னாடியே பிளம்பர் கிட்ட சொல்லிடுங்க, முகத்துல தெறிக்கறது அவருக்குத்தான்.