அந்த நாற்காலியில் யார்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, அப்பா வைத்திருந்த பழைய டிவிடியில் 'ஏலியன்' பார்த்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. 'புரொமீதியஸ்' பார்த்தால்தான் அதெல்லாம் என்னவென்று புரியும் என்றான் அண்ணன். பார்த்தேன், புரிந்தது. ஆனால் பழைய படத்தைத் திரும்பப் போட்டால் பயமே வரவில்லை. முன்கதை எடுப்பவர்கள் மூலக்கதையின் மர்மத்தை அவிழ்க்கத்தான் வேண்டுமா? *(செந்தூல் வாசகர்)*

பதில்: தம்பி, உங்கள் அண்ணன் கட்சியில் ஆள் அதிகம். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் விசிடி வாடகைக் கடை வைத்திருந்த காலத்தில், படத்தைத் திருப்பிக் கொடுக்க வருபவர்கள் முதலில் கேட்பதே "கடைசியில அது என்னாண்ணே?" என்றுதான். எனக்கே தெரியாது என்றால், தாமதக் கட்டணம் கொடுக்க அவர்களுக்கு மனசு வராது.

நீங்கள் சொல்லும் இடத்தை மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1979இல் ரிட்லி ஸ்காட் எடுத்த படம். மூன்று பேர், யாருடையதென்று தெரியாத ஒரு கப்பலுக்குள் ஏறுகிறார்கள். உள்ளே பிரமாண்டமான ஒரு நாற்காலி. அதில் தும்பிக்கை வைத்த முகத்தோடு ஒரு ராட்சத உடல், செத்துக் கல்லாகிப் போய்க் கிடக்கிறது. நெஞ்செலும்பு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பிளந்திருக்கிறது. உடம்பு நாற்காலியிலிருந்தே முளைத்த மாதிரி இருக்கிறதே என்கிறார் கேப்டன் டாலஸ். அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரமில்லை, வேறு தலைவலி வந்துவிடுகிறது. அந்த உருவத்தை வடிவமைத்தவர் சுவிஸ் ஓவியர் எச்.ஆர். கைகர். அது இன்னும் பெரிதாகத் தெரியட்டும் என்று ஸ்காட் தன் பிள்ளைகளுக்கே சின்ன அளவு விண்வெளி உடையை மாட்டி, அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் பிடித்தார்.

33 வருடம் கழித்து, 2012இல், 'புரொமீதியஸ்' என்ற முன்கதையோடு அதே ஸ்காட் வந்து தும்பிக்கை வெறும் தலைக்கவசம் என்றார். கழற்றினால் உள்ளே வெளுத்துப்போன ஒரு மொட்டைத்தலை மனுஷன், நம்மைவிடக் கொஞ்சம் உயரம். பிள்ளைகளை நிற்க வைத்துப் பெரிதாக்கிய ஆளை, விளக்கம் சொல்லியே குள்ளமாக்கிவிட்டார். மிட் வேலி தியேட்டரில் அந்தக் காட்சி ஓடியபோது பக்கத்து சீட்டுப் பையன், "ஓ, ஆளுதானா" என்றான். அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

2017இல் வந்த 'ஏலியன்: கவனன்ட்' இன்னும் ஒரு படி போய், நாற்காலிக்காரன் நெஞ்சைப் பிளந்து வெளியே வந்த அந்த ஜந்துவையே டேவிட் என்கிற இயந்திர மனிதன்தான் சோதனை செய்து செய்து உருவாக்கினான் என்கிற மாதிரி காட்டியது. அந்தக் கதை நடப்பது 2104இல். முதல் படத்தின் கதை 2122இல். பதினெட்டு வருடத்தில் எந்த உடம்பு தம்பி கல்லாகும்? விளக்கியவர்களுக்கே கணக்கு உதைக்கிறது.

அவிழ்க்கலாமா என்று கேட்டால், எதை அவிழ்க்கிறார்கள் என்று பார்ப்பேன். யார் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று சொல்வதானால் தாராளமாகச் சொல்லட்டும். அந்தப் பொருள் என்ன, எதனால் ஆனது என்று ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். 'ஸ்டார் வார்ஸ்' நல்ல உதாரணம். 1977இல் வந்த முதல் படத்தில் ஓபி-வான் என்ற கிழட்டு வீரர், உயிருள்ள எல்லாவற்றிலிருந்தும் பிறந்து அண்டத்தையே கட்டிப் பிடித்திருக்கும் ஆற்றல் என்று 'ஃபோர்ஸ்' பற்றிச் சொன்னார். கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. 1999இல் வந்த முன்கதையில் ஒரு சிறுவனுடைய இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்து, செல்லுக்குள் வாழும் 'மிடிக்ளோரியன்' என்ற நுண்ணுயிர் அவனுக்கு 20,000க்கு மேல், பெரிய குரு யோடாவுக்குக்கூட அவ்வளவு இல்லை என்கிறார்கள். கிளினிக்கில் சர்க்கரை அளவு சொல்கிற மாதிரி.

கேள்வி: அறிவியல் என்றாலே காரணம் கேட்பதுதான். வகுப்பில் "ஏன் என்று கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, அறிவியல் புனைகதையில் மட்டும் கேட்காதே என்றால் அது மூடநம்பிக்கை இல்லையா? *(கிள்ளான் ஆசிரியை)*

பதில்: டீச்சர், அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் மிடிக்ளோரியன் எந்த 'ஏன்'னுக்கும் பதில் சொல்லவில்லையே? ஃபோர்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இருந்தோம். இப்போது நுண்ணுயிருக்கு அது எப்படித் தெரியும் என்று தெரியாமல் இருக்கிறோம். உங்கள் மாணவன் இப்படி ஒரு விடை எழுதினால் மார்க் போடுவீர்களா? நானும் பெயிலாக்கினேன், அவ்வளவுதான்.

சரியான பதில் எப்படி இருக்கும் என்பதற்கு அதே கூட்டத்திலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். முதல் படத்தில் ஒரு கிரகத்தையே அழிக்கும் 'டெத் ஸ்டார்' என்ற கோட்டை, வெறும் இரண்டு மீட்டர் அகலத் துவாரம் வழியாக வெடித்துச் சிதறும். எவன் இவ்வளவு முட்டாள்தனமாகக் கட்டினான் என்று என் கடையில் வருடக்கணக்காகச் சிரித்திருக்கிறார்கள். 2016இல் வந்த 'ரோக் ஒன்' அதற்குப் பதில் சொன்னது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்ட ஒரு விஞ்ஞானி, கேலன் எர்சோ, தெரிந்தே அந்தப் பலவீனத்தை உள்ளே வைத்தார். மகளுக்கு அதைச் சொல்லி அனுப்பினார். அதோடு, ஒற்றர்கள் வரைபடத்தைத் திருடிவிட்டார்கள் என்று பழைய படத்தின் ஆரம்ப எழுத்தில் ஓடிய ஒரே ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பேர் செத்தார்கள் என்றும் காட்டியது. அதற்குப் பிறகு பழைய படத்தைப் போட்டால் அந்தத் துவாரத்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. ஒரு தகப்பன் செய்த வேலை அது.

2011இல் வந்த 'ரைஸ் ஆஃப் தி பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தையும் பாருங்கள். குரங்குக்கு ஏன் புத்தி வந்தது என்றால், ஒரு மருந்து. கேட்க மிடிக்ளோரியன் மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் ஞாபகம் அழிந்துகொண்டிருக்கும் அப்பாவைக் காப்பாற்ற ஒரு மகன் தேடிய மருந்து அது. மருந்தின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அப்பாவின் முகம் மறக்கவில்லை.

இன்னொரு வகை இருக்கிறது, யாருமே கேட்காததற்குப் பதில் சொல்வது. 2018இல் 'சோலோ' என்ற படத்தில், 'ஸ்டார் வார்ஸ்' நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவுக்கு அந்தக் குடும்பப் பெயர் ஆள் சேர்க்கும் மேசையில் இருந்த ஓர் அதிகாரி போட்டது என்று காட்டினார்கள். நம் தாத்தாமார் பெயர்களைத் தோட்டத்துக் கிராணியும் பதிவு அலுவலகமும் எழுதிய லட்சணம் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு 'ஸ்டார் வார்ஸ்' போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். 'ஒன்று' என்று போட்டிருப்பதிலிருந்து தொடங்கலாமா அண்ணே? *(செராஸ் வாசகி)*

பதில்: வேண்டாம் தங்கச்சி. வெளிவந்த வரிசையில் காட்டுங்கள். முதலில் 1977, 1980, 1983. அப்புறம்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட 1999, 2002, 2005 படங்கள். எண் வரிசையில் போனால், வில்லன் டார்த் வேடர் யார் என்று 1980 படத்தில் உடையும் ரகசியம் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்துவிடும். கடையில் இதை ஒரு அட்டையில் எழுதியே மாட்டியிருந்தேன். அதையும் மீறி 'ஒன்று' எடுத்துப் போனவர்கள், படம் போரடிக்கிறது என்று மற்றதைத் தொடாமலே விட்டதுதான் நடந்தது.

கேள்வி: முன்கதை, விளக்கம் எல்லாம் ஹாலிவுட் வியாபாரம். நம் இலக்கியத்தில் இந்த நோய் உண்டா? *(ஆயர் ஈத்தாம், பினாங்கு வாசகர்)*

பதில்: நோய் என்று சொல்லாதீர்கள் ஐயா, சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. மதுரைக் காண்டத்தின் கடைசியான கட்டுரை காதையைப் புரட்டுங்கள். நகரம் எரிகிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பின்பக்கமாக வந்து நிற்கிறது, நேருக்கு நேர் வரத் தயங்கி. வந்து ஒரு முன்கதை சொல்கிறது. முற்பிறவியில் கோவலன் பெயர் பரதன். சிங்கபுரத்து அங்காடியில் நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை, ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறிச் சாபமிட்டு உயிரை விட்டாள்.

கவனியுங்கள், சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்று இதில் ஒரு விளக்கமும் கிடையாது. ஒருவன் செய்த செயல் மட்டும்தான். அந்தச் செயலும் என்ன? பொற்கொல்லன் கோவலனுக்குச் செய்த அதே துரோகத்தைக் கோவலன் ஏற்கெனவே இன்னொருவனுக்குச் செய்திருக்கிறான். நகை விற்க வந்தவன், பொய்ப்பழி, அரச தண்டனை, தெருவில் நிற்கும் மனைவி, எல்லாம் அப்படியே. அதுவரை கோவலனுக்காக அழுத நமக்கு, இனி நீலிக்காகவும் அழ வேண்டுமா என்று தெரியவில்லை. கேட்ட கண்ணகியாவது சமாதானமானாளா? கணவனைக் காணும் வரை உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று வளையலை உடைத்துவிட்டு நடக்கிறாள். இளங்கோ காரணத்தைச் சொல்லிவிட்டார், ஆனால் துக்கத்தை ஒரு குன்றிமணி அளவும் குறைக்கவில்லை. ஸ்காட்டுக்கு யாராவது இந்தக் காதையை ஆங்கிலத்தில் கொடுத்திருக்கலாம்.

கேள்வி: 'ஏலியன்: எர்த்' தொடரும் முன்கதையாமே, அதைப் பார்க்கலாமா? *(மீண்டும் செந்தூல் வாசகர்)*

பதில்: பாருங்கள் தம்பி. 2025இல் வந்தது, எட்டுப் பாகம். கதை நடப்பது 2120இல், உங்கள் நாற்காலிக்காரனைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு வருடம் முன்னால். உருவாக்கிய நோவா ஹாலி, 'புரொமீதியஸ்' சொன்ன பிறப்புக் கதையைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. பழைய ஜந்துவுக்கு ஜாதகம் எழுதாமல், புதிதாக வேறு சில ஜந்துக்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அதில் ஒன்று வெறும் கண்ணும் கால்களுமாக ஓடி, ஓர் ஆட்டின் கண்குழிக்குள் குடியேறிவிடும். அது எங்கிருந்து வந்தது, என்ன நினைக்கிறது என்று சொல்லவே இல்லை. அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.