மடிக்கணினியில் சீரியல் போர்ட் இல்லை. கார்ட் போட்டுச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், பக்கவாட்டில் எக்ஸ்பிரஸ்கார்ட் துவாரம் (கூடுதல் வசதிக்கான சிறு கார்டைச் செருகும் இடம்) உள்ள பழைய மடிக்கணினியாக இருந்தால். சீரியல் போர்ட் என்பது தரவை ஒரு கம்பி வழியே பிட் பிட்டாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்பு. பெரும்பாலும் 9 முனை. கடை பில் பிரிண்டர், தராசு, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவும் இன்றும் இதைத்தான் கேட்கின்றன.

கணினி 8 பிட்டுகளை ஒரே மூச்சில் கொடுக்கும். அவற்றை வரிசையில் நிறுத்தி அனுப்ப, ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு மின்சுற்று வேண்டும். கார்டில் உள்ள சிப்பில் அத்தகைய சுற்றுகள் பல இருப்பதால்தான் ஒரே கார்டில் இரண்டு, நான்கு போர்ட்டுகள் கிடைக்கின்றன.

யூஎஸ்பி துவாரத்தில் செருகி சீரியல் போர்ட் பெறும் யூஎஸ்பி மாற்றி போதாதா? பில் பிரிண்டருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மாற்றி, புறக்கோட்டையில் நிற்கும் தனியார் பஸ் மாதிரி: ஆள் நிறைய வேண்டும், அல்லது நேரம் வர வேண்டும், அப்போதுதான் புறப்படும். பரவலாகப் புழங்கும் சில மாற்றிகளில் இந்தக் காத்திருப்பு 16 மில்லி விநாடி வரை போகும். கணினியில் மாற்றியை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் இதைக் குறைக்கலாம். நேரடிக் கார்டோ ஏறியவுடன் கிளம்பும் ஆட்டோ. கேள்வியும் பதிலுமாக ஓயாமல் பேசும் இயந்திரங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குக் கார்ட் வாங்கப் போனால் மடிக்கணினியையும் கையோடு கொண்டு போங்கள். அதில் இருப்பது எக்ஸ்பிரஸ்கார்டைவிடப் பழைய பிசிஎம்சிஐஏ வகைத் துவாரமானால், எக்ஸ்பிரஸ்கார்ட் வேலை செய்யாது.

கார்ட் என்றாலே நேரடி இணைப்பு என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் எப்போதும் அப்படியல்ல. எக்ஸ்பிரஸ்கார்ட் துவாரத்தில் யூஎஸ்பி கம்பிகளும் உண்டு, சில கார்டுகள் அவற்றை மட்டுமே பயன்படுத்தும் யூஎஸ்பி மாற்றிகள்தான்.