‘மாநில அனுமதி உண்டு’ என்றால் போதுமா? அமெரிக்கக் கல்லூரிகள் பற்றிய கேள்வி பதில்

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், சேர வருகிறவர்களின் பழைய பட்டங்களையும் மார்க் ஷீட்டுகளையும் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். ‘இந்தக் கல்லூரியில் வாங்கிய கிரெடிட்டை (படித்து முடித்த பாடங்களுக்கான மதிப்பை) எங்களால் ஏற்க முடியாது’ என்று எழுதி அனுப்ப வேண்டிய நாட்களில் மனசு கனத்துப்போகும். அந்தப் பிள்ளை பெரும்பாலும் தப்பு எதுவும் செய்திருக்காது. சேருமுன் என்ன கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அதனால் வந்த கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், என் மகனுக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. ‘மாநில அரசின் அனுமதி பெற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அக்ரெடிட்டேஷன் உண்டா என்று ஏஜென்ட்டிடம் கேட்டால், ‘இரண்டும் ஒண்ணுதான் சார்’ என்கிறார். முதல் தவணை கட்டிவிடலாமா?

பதில்: பொறுங்கள் ஐயா, இப்போது கட்ட வேண்டாம். அக்ரெடிட்டேஷன் என்பது கல்வித் தரத்தை ஆராய்ந்து தரும் சான்று, மாநில அனுமதியும் அதுவும் ஒன்று இல்லை. ஏஜென்ட்டுக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை.

நம் ஊரில் யு.ஜி.சி. இருப்பதால், ‘அரசு அங்கீகாரம்’ என்று கேட்டதும் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அமெரிக்காவில் மத்திய அரசு எந்தக் கல்லூரிக்கும் அங்கீகாரம் தருவதில்லை. கல்லூரி நடத்த அனுமதி தருவது மாநிலம். கலிஃபோர்னியாவில் தனியார் கல்லூரிகளுக்கென்று 2010 முதல் தனி அலுவலகம் ஒன்று இயங்குகிறது. அது தருவது ‘இயங்க அனுமதி’. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. கடை திறக்க லைசென்ஸ் கிடைத்துவிட்டதால் உள்ளே இருக்கும் சரக்கு நல்ல சரக்கு என்று ஆகிவிடாது அல்லவா?

இன்னொன்றும் கவனியுங்கள். 2014-இல் கலிஃபோர்னியா சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி அக்ரெடிட்டேஷன் இல்லாமல் புதிதாகப் பட்டம் வழங்கத் தொடங்கும் கல்லூரிக்குத் தற்காலிக அனுமதிதான். 2 ஆண்டுக்குள் அக்ரெடிட்டேஷனுக்கான முதல் படியை எட்ட வேண்டும், 5 ஆண்டுக்குள் முழுமையாகப் பெற வேண்டும். ஆக, ‘மாநில அனுமதி’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கலாம். உங்கள் மகன் படித்து முடிக்கும் மாதத்தில் அது எங்கே நிற்கும் என்று கல்லூரிக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் சொன்னால் கணக்கில் சேராது.

கேள்வி: மத்திய அரசு தருவதில்லை என்றால், அக்ரெடிட்டேஷனை யார்தான் தருகிறார்கள்?

பதில்: கல்லூரிகள் தாங்களே கூடி உருவாக்கிய லாப நோக்கமற்ற தனியார் அமைப்புகள். மத்தியக் கல்வித் துறை அந்த அமைப்புகளை மட்டும் பரிசோதித்து, ‘இவர்கள் சொல்வதை நம்பலாம்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 1944-இல் ஒரு சட்டம் வந்தது. அந்தப் பணத்துக்காகவே முளைத்த பள்ளிகள் ஏராளம். வீரர்களின் பெயரைச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு பாடம் நடத்தாமல் ஏமாற்றினார்கள். அதனால் 1952-இல் கொரியப் போர் வீரர்களுக்கான சட்டம் எழுதியபோது, நம்பத்தகுந்த அக்ரெடிட்டேஷன் அமைப்புகளின் பட்டியலை அரசு வெளியிட வேண்டும் என்று சேர்த்தார்கள். 1965-இன் உயர்கல்விச் சட்டம் அந்த ஏற்பாட்டை மாணவர் உதவித்தொகை முழுவதற்கும் விரித்தது. மாநிலம், அக்ரெடிட்டேஷன் அமைப்பு, மத்தியக் கல்வித் துறை என்ற மூன்று கால்களில்தான் இன்றும் எல்லாம் நிற்கிறது.

கேள்வி: ‘ரீஜனல்’ அக்ரெடிட்டேஷன்தான் உசத்தி, ‘நேஷனல்’ மட்டம் என்கிறார்களே அக்கா?

பதில்: நாட்டின் ஒரு பகுதிக் கல்லூரிகளைப் பார்த்த அமைப்புகளை ரீஜனல் என்றும், நாடு முழுக்கப் பார்த்தவற்றை நேஷனல் என்றும் சொல்வார்கள். கல்வித் துறையின் விதிகளில் அந்தப் பிரிவினை 2020 ஜூலையோடு போய்விட்டது. ஆனால் பழக்கத்தில் போகவில்லை தம்பி. ஹையர் லேர்னிங் கமிஷன், மிடில் ஸ்டேட்ஸ், நியூ இங்கிலாந்து கமிஷன், சதர்ன் அசோசியேஷன், நார்த்வெஸ்ட் கமிஷன், கலிஃபோர்னியா பக்கம் வாஸ்க் என்று பழைய ரீஜனல் அமைப்புகளின் கல்லூரிகளில் வாங்கிய கிரெடிட்டை மற்றப் பல்கலைகள் பெரிய கேள்வி இல்லாமல் பார்ப்பார்கள். மற்ற அமைப்புகளின் கல்லூரிகள் என்றால் கூடுதலாக ஆராய்வார்கள். பிற்பாடு பி.எச்டி. செய்யும் எண்ணம் இருந்தால் முன்னதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எனக்கு ஐ-20 வந்துவிட்டது. அரசாங்க சிஸ்டத்தில் இருந்து வருவதுதானே அது? அப்படியானால் கல்லூரி அக்ரெடிட்டேஷன் பெற்றதாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: இல்லை. அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

ஐ-20 என்பது மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம். அதை வழங்கும் உரிமையைக் கல்லூரிக்குத் தருவது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அதற்கு அக்ரெடிட்டேஷன் கட்டாயம் இல்லை. அக்ரெடிட்டேஷன் உள்ள 3 கல்லூரிகள் ‘இவர்களுடைய கிரெடிட்டை நாங்கள் ஏற்கிறோம்’ என்று காட்டும் சான்று இருந்தால் அதையும் மாற்றாக ஏற்பார்கள். கலிஃபோர்னியாவில் டிரை-வேலி யுனிவர்சிட்டி என்று ஒன்று இருந்தது. அக்ரெடிட்டேஷன் கிடையாது. ஐ-20 மட்டும் சரளமாக வந்துகொண்டிருந்தது. 2011 ஜனவரியில் அதிகாரிகள் சோதனை போட்டு மூடினார்கள். படித்தவர்களில் பெரும்பாலானோர் இந்தியப் பிள்ளைகள், அதிலும் ஆந்திரப் பிள்ளைகள் நிறைய. சிலர் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டி அனுப்பப்பட்டார்கள். அந்தப் படங்கள் செய்தித்தாளில் வந்தபோது பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கேள்வி: சரி, எப்படியோ படித்து முடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்ரெடிட்டேஷன் இல்லாததால் வேலைக்கு என்ன பாதிப்பு?

பதில்: இரண்டு இடத்தில் நேரடியாக அடி விழும்.

முதலாவது ஸ்டெம் ஓபிடி. படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே 12 மாதம் வேலை பார்க்கலாம், அதுதான் ஓபிடி. அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம். அந்த 24 மாதம் கிடைக்க, கல்வித் துறை ஏற்கும் அமைப்பின் அக்ரெடிட்டேஷன் உங்கள் கல்லூரிக்கு இருக்க வேண்டும். அதுவும் கல்லூரி அதிகாரி உங்களுக்குப் பரிந்துரை போடும் நாளில் இருக்க வேண்டும். ஏ.சி.ஐ.சி.எஸ். என்ற அக்ரெடிட்டேஷன் அமைப்பைக் கல்வித் துறை தன் பட்டியலில் இருந்து 2016-இல் நீக்கி, 2018-இல் திரும்பச் சேர்த்து, 2022 ஆகஸ்டில் ஒரேயடியாக நீக்கியது. அதை மட்டும் நம்பியிருந்த கல்லூரிகளின் மாணவர்கள் அந்தத் தேதிக்குப் பிறகு ஸ்டெம் நீட்டிப்புக்குப் பரிந்துரை வாங்க முடியாமல் நின்றார்கள். சேரும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனவே கல்லூரியைப் பார்த்தால் மட்டும் போதாது, அதற்குச் சான்று தந்த அமைப்பின் நிலைமை என்ன என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது எச்-1பி வேலை விசா. ஆண்டுக்கு வழக்கமான 65,000 இடங்கள் போக, அமெரிக்க முதுகலைப் பட்டம் உள்ளவர்களுக்கு என்று 20,000 தனியாக இருக்கிறது. அதில் சேர, நீங்கள் பட்டம் பெற்ற நாளில் கல்லூரிக்கு அக்ரெடிட்டேஷன் இருந்திருக்க வேண்டும். அதோடு அது அரசுக் கல்லூரியாகவோ லாப நோக்கமற்ற கல்லூரியாகவோ இருக்க வேண்டும். லாபத்துக்கு நடத்தும் கல்லூரி என்றால், முழு அக்ரெடிட்டேஷன் இருந்தாலும் அந்த 20,000-இல் உங்களுக்கு இடம் இல்லை. இதை எந்த ஏஜென்ட்டும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கேள்வி: எப்படிச் சரிபார்ப்பது? படிப்படியாகச் சொல்லுங்களேன்.

பதில்: மத்தியக் கல்வித் துறையின் இணையதளத்தில் டாபிப் என்ற தரவுத்தளம் இருக்கிறது, இலவசம். கல்லூரிப் பெயரைத் தட்டுங்கள். பெயர் வந்துவிட்டதே என்று மூடிவிடாதீர்கள். ஊரும் முகவரியும் உங்கள் அட்மிஷன் கடிதத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா? ஒரே பெயரில், ஒரு சொல் மட்டும் இடம் மாறிய கல்லூரிகள் உண்டு. நீங்கள் சேரப்போகும் கிளை வளாகமும் பட்டியலில் இருக்கிறதா? அடுத்து, எந்த அமைப்பு, எந்தத் தேதியில் இருந்து, இப்போதைய நிலை என்ன என்ற வரிகளைப் படியுங்கள். ‘புரொபேஷன்’, ‘ஷோ காஸ்’ (அக்ரெடிட்டேஷன் பறிபோகலாம் என்ற எச்சரிக்கைகள்) என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அந்த நடவடிக்கைக்கான கடிதம் அக்ரெடிட்டேஷன் அமைப்பின் தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். பணப் பிரச்சினையா, ஆசிரியர் பற்றாக்குறையா என்று அதில் எழுதியிருப்பார்கள். அரை மணி நேரம் செலவழித்து அதைப் படித்துவிடுங்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் அப்பாவுக்காக அதையாவது செய்யலாம்.

அக்ரெடிட்டேஷன் அமைப்புகளைப் பரிசோதிக்கும் சீயா என்ற தனியார் அமைப்பும் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இரண்டையும் பாருங்கள். கல்லூரியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் முத்திரைப் படத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ‘இன்டர்நேஷனல்’ என்று தொடங்கும் ஓர் அமைப்பிடம் அக்ரெடிட்டேஷன் இருப்பதாகச் சொல்கிறார்கள். டாபிப்பில் அந்த அமைப்பே இல்லை.

பதில்: இல்லையென்றால் விட்டுவிடுங்கள். போலிப் பட்டம் விற்பவர்கள் போலி அக்ரெடிட்டேஷன் அமைப்பையும் சேர்த்தே உருவாக்குவார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இருந்து நடத்தப்பட்ட செயின்ட் ரெஜிஸ் என்ற பட்டம் விற்கும் கும்பல், லைபீரிய அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து அந்த நாட்டின் அங்கீகாரத்தையே வாங்கி வைத்திருந்தது. நடத்தியவர்களுக்கு 2008-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களும் தப்பவில்லை, பெயர்கள் வெளியே வந்து வேலை போனவர்கள் உண்டு. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அப்படிப்பட்ட பட்டத்தைக் காட்டி வேலை தேடுவதே குற்றம்.

கேள்வி: அக்கா, ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டி பட்டியலில் இருந்ததுதானே? அப்புறம் பட்டியலைப் பார்த்து என்ன பயன்?

பதில்: நியாயமான கோபம். மிஷிகனில் இருந்த அது, குடியேற்றத் துறை அதிகாரிகளே விசாரணைக்காக உருவாக்கிய போலிப் பல்கலை. அக்ரெடிட்டேஷன் அமைப்பு ஒன்று, அரசு கேட்டுக்கொண்டதால் அதைத் தன் பட்டியலில் சேர்த்தும் வைத்திருந்தது. 2019 ஜனவரியில் விஷயம் வெளியானபோது சுமார் 600 பேர் பதிந்திருந்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அரசு இப்படி ஒரு வலை விரித்தது சரிதானா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. பிள்ளைகளைச் சிக்கவைக்கும் வேலையை அரசு செய்திருக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும்.

ஆனால் அங்கே ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை, பாடத்திட்டம் இல்லை. பட்டியலோடு இதையும் பாருங்கள். பேராசிரியர் இரண்டு பேருக்கு எழுதுங்கள். இப்போது படிக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்து, இந்த வாரம் என்ன அசைன்மென்ட் என்று கேளுங்கள். ‘வகுப்புக்கு வர வேண்டாம், முதல் நாளில் இருந்தே முழுநேர வேலை’ என்பதுதான் கல்லூரியின் கவர்ச்சி என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சிபிடி என்பது படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி, பொதுவாக ஓர் ஆண்டு படித்த பிறகு கிடைப்பது. பாடத்திட்டமே உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 12 மாதம் முழுநேர சிபிடி எடுத்துவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புக்கு ஏபெட் இல்லையாமே, பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம். ஏபெட் என்பது பொறியியல், கம்ப்யூட்டர் போன்ற படிப்புகளுக்கென்று தனியாகத் தரும் அக்ரெடிட்டேஷன், பெரும்பாலும் இளநிலைப் படிப்புகளுக்குத்தான். முதுநிலையில் பெரிய பல்கலைகள் பலவும் அதை வாங்குவதில்லை. கல்லூரிக்கு அக்ரெடிட்டேஷன் இருந்தால் போதும்.

கேள்வி: நான் பி.டி.எஸ். முடித்தவள். அங்கே பல் மருத்துவராக வேலை செய்ய நினைக்கிறேன். எனக்கும் அதே பதில்தானா?

பதில்: உங்களுக்கு நேர் எதிர்ப் பதில் அம்மா. பல் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, சட்டம் போன்றவற்றில் கல்லூரியின் பொது அக்ரெடிட்டேஷன் மட்டும் உதவாது. அந்தப் படிப்புக்கே தனி அக்ரெடிட்டேஷன் வேண்டும், ஏனென்றால் லைசென்ஸ் தரும் மாநில போர்டு அதைத்தான் கேட்கும். உங்கள் விஷயத்தில் அதைத் தருவது, பல் மருத்துவப் படிப்புகளுக்கான கோடா என்ற அமைப்பு. அதன் அக்ரெடிட்டேஷன் பெற்ற கல்லூரியில், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான 2 முதல் 3 ஆண்டுப் படிப்பில் சேர்வதுதான் பெரும்பாலான மாநிலங்களில் வழி. எந்த மாநிலத்தில் வாழப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து, அந்த போர்டின் விதியைப் படித்துவிட்டு, பிறகு கல்லூரி தேடுங்கள்.

கேள்வி: ஊருக்குத் திரும்பி அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் இந்தப் பட்டம் செல்லுமா?

பதில்: அந்த நாட்டில் முறையாக அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமாக இருந்தால் வழி உண்டு. இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சமநிலைச் சான்று வேண்டும். யு.ஜி.சி. 2025-இல் இதற்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவை அதில் வராது, அந்தந்தக் கவுன்சிலிடம் போக வேண்டும்.

கேள்வி: அக்கா, நான் ஏற்கெனவே சேர்ந்து இரண்டாவது செமஸ்டரில் இருக்கிறேன். இப்போதுதான் தேடிப் பார்த்தேன், மாநில அனுமதி மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் சொல்லவும் தைரியம் இல்லை.

பதில்: வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடு தம்பி. தெரிந்தே செய்த தப்பு இல்லை இது, உனக்கு வழியும் இருக்கிறது.

வகுப்பை மட்டும் விட்டுவிடாதே. முழுநேரப் பதிவு இருக்கும்வரைதான் உன் எஃப்-1 (மாணவர் விசா) நிலை பாதுகாப்பாக இருக்கும். அடுத்த செமஸ்டருக்கு, அக்ரெடிட்டேஷன் உள்ள ஒரு கல்லூரியில் அட்மிஷன் வாங்கு. அது கையில் வந்த பிறகு உன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உன் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுக் கணினிப் பதிவு) புதிய கல்லூரிக்கு மாற்றச் சொல்லிக் கேள். புதிய கல்லூரி உன் கிரெடிட்டை எடுக்காமல் போகலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள். அவர்கள் ஆராய்ந்து பார்க்கவாவது ஆதாரம் வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸ், பாடநூல் பட்டியல், நீ செய்த புராஜெக்ட், மதிப்பெண் எல்லாவற்றையும் இப்போதே சேமித்து வை. சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் இரண்டு பிரதி வாங்கி வைத்துக்கொள். கல்லூரிகள் சொல்லாமல் கொள்ளாமல் மூடுவது உண்டு. பிலடெல்ஃபியாவில் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ், அக்ரெடிட்டேஷன் பெற்றிருந்த பழைய நிறுவனம், 2024 ஜூனில் ஒரு வார அவகாசத்தில் மூடப்பட்டது.

மாறுவதற்கான முடிவு வரும்வரை அடுத்த தவணையை முன்கூட்டியே கட்டாதே. பணம் திரும்பப் பெறும் விதி உன் சேர்க்கை ஒப்பந்தத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தை எடுத்துப் படி. கல்லூரி கலிஃபோர்னியாவில் என்றால் மாநில அலுவலகத்திலேயே புகார் கொடுக்கலாம்.