வரைவை யாரிடம் காட்டுவது? டீச்சர் பதில்கள்

போன இதழில் விக்கிப்பீடியாவில் எழுதுவது பற்றி இரண்டு வரி சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். பலரும் கட்டுரையை எழுதி வைத்துவிட்டு, சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லாமல் நிற்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: டீச்சர், நான் பென்னாகரம் பக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் எல்லையில் வேடியப்பன் என்று கும்பிடுகிற ஒரு நடுகல் இருக்கிறது. அதைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுதி, என் மணல்தொட்டியில் (வரைவு எழுதிப் பார்க்கிற சொந்தப் பக்கம்) வைத்து ஐந்து வாரம் ஆகிறது. யாருமே வந்து பார்க்கவில்லை. தோழிகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். எல்லோரும் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டார்கள். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? அச்செடுத்து இணைத்திருக்கிறேன்.
— பென்னாகரம் வாசகி

பதில்: கண்ணு, மணல்தொட்டி என்பது வீட்டுப் பின்கட்டு மாதிரி. நீ கூப்பிடாமல் அங்கே யாரும் வரமாட்டார்கள். உன் எழுத்து பிடிக்காமல் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படி ஒரு வரைவு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

கூப்பிடுவதற்கு இடம் இருக்கிறது. புதியவர்கள் உதவி கேட்பதற்கென்றே 'ஒத்தாசைப் பக்கம்' இருக்கிறது. எல்லோரும் கூடிப் பேசுகிற பொது இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். இரண்டில் எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் எனக்கு அதிகம் பலன் தந்தது வேறு ஒரு வழி. 'நடுகல்' கட்டுரையைத் திறந்து, அதன் வரலாற்றுப் பக்கத்துக்குப் போ. யார் எப்போது எந்த வரியைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்று முழுக்க இருக்கும். அதில் பொருளறிந்து திருத்தியவர்கள் இரண்டு மூன்று பேர் தென்படுவார்கள். அவர்களில் அண்மையில் வந்துபோனவர் யார் என்று பார்த்து, அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுது. எழுதி முடித்ததும் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் உன் பெயரும் நேரமும் தானாக விழும். அது இல்லாவிட்டால் கேட்டது யார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

கேட்கிற விதம்தான் முக்கியம். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். தோழிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். முப்பத்தொரு வருடம் கட்டுரை நோட்டு திருத்தியவள் சொல்கிறேன்: இடத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்கிற பிள்ளைக்குத்தான் உதவ முடியும். இப்படிக் கேட்டுப் பார்: 'இரண்டாம் பத்தியில் கல்லின் காலம் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் காட்டியிருக்கும் சான்று போதுமா? மூன்றாம் பத்தி இந்தக் கட்டுரைக்குத் தேவையா, அல்லது நடுகல் கட்டுரைக்கு இணைப்பு கொடுத்தால் போதுமா?' இதற்குப் பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிடலாம். பத்து நிமிடம் ஒதுக்க நிறையப் பேருக்கு மனம் இருக்கிறது. முழுக் கட்டுரையையும் மடியில் வைத்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போய்விடும்.

சரி, நீ அனுப்பிய அச்சுப்படியை நானும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன்.

முதல் வாக்கியம்: 'எங்கள் ஊரின் பெருமைமிகு வரலாற்றைப் பறைசாற்றும் இந்த நடுகல் சுமார் 1500 ஆண்டுகள் பழமையானது எனக் கருதப்படுகிறது.' இதில் 'எங்கள் ஊர்' என்பதை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரை எழுது. கலைக்களஞ்சியத்துக்கு 'எங்கள்' கிடையாது. 'பெருமைமிகு', 'பறைசாற்றும்' இரண்டும் வேண்டாம். பெருமை இருந்தால் செய்தியிலேயே தெரியும். அப்புறம் 'கருதப்படுகிறது' என்று எழுதியிருக்கிறாய். யார் கருதுகிறார்கள்? உன் பேராசிரியரா, தொல்லியல் துறையா, ஊர்க்காரர்களா? வரைவு முழுவதும் ஏழு இடத்தில் இந்தச் சொல் வருகிறது. ஏழு இடத்திலும் ஆளைக் காட்டு. காட்ட முடியாத இடத்தில் வாக்கியத்தையே எடுத்துவிடு.

கல்லில் உள்ள எழுத்தை நீயே படித்து, 'தொறு' என்ற சொல் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தொறு என்றால் மாட்டு மந்தை. பகைவர் கவர்ந்துபோன மந்தையை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நட்ட கல்லாக இருக்கலாம். நம் பக்கத்து நடுகற்களில் அந்தச் சொல் அடிக்கடி வரும். ஆனால் உன் சொந்த வாசிப்பை விக்கிப்பீடியாவில் போட முடியாது. சொந்த ஆய்வு கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. நீ படித்தது தப்பு என்று அதற்கு அர்த்தமில்லை. வேறொருவர் சரிபார்த்து அச்சில் வந்ததைத்தான் அங்கே தொகுக்கிறோம். தொல்லியல் துறை வெளியிட்ட 'தருமபுரி கல்வெட்டுகள்' தொகுதியில் உன் ஊர்க் கல் இருக்கிறதா என்று முதலில் பார். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் போய்க் கேள். அங்கே வரிசையாக நடுகற்களை வைத்திருக்கிறார்கள். எழுத்து வெட்டிய கற்களை நின்று பார்த்துவிட்டு வந்தாலே உன் கல்லைப் பற்றி எழுதும்போது கை வேறு மாதிரி போகும். உன் கல் எதிலும் பதிவாகவில்லை என்றால் தொல்லியல் துறைக்குப் படத்தோடு ஒரு கடிதம் எழுது. கட்டுரைக்கு முன்னால் நடக்க வேண்டியது அதுதான்.

தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்கிற காட்சி, கால்கோள், நீர்ப்படை என்ற படிகளை ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கியிருக்கிறாய். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் அது எல்லா நடுகல்லுக்கும் பொது. உன் கட்டுரையில் உன் கல்லுக்கு மிஞ்சியிருப்பது எட்டு வரிதான். அந்த எட்டு வரி முப்பது வரி ஆகட்டும். கல் எவ்வளவு உயரம்? வீரன் கையில் என்ன இருக்கிறது? மாடு செதுக்கியிருக்கிறதா? எந்தத் திசை பார்த்து நிற்கிறது? நீயே எடுத்த படம் இருந்தால், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கிற விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்று. நூறு வரி சொல்வதை அந்தப் படம் சொல்லும்.

இன்னும் ஒருவரிடம் காட்டச் சொல்வேன். அந்தக் கல்லுக்கு எண்ணெய் சாத்துகிற பூசாரி. அவருக்குப் படித்துக் காட்டு. அவர் சொல்வதைச் சான்றாகப் போட முடியாது. ஆனால் 'அந்தக் கல்லு ரோடு போடறப்ப நகத்தி வெச்சது கண்ணு' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ திசையைப் பற்றி எழுதிய பத்தியை எடுத்துவிட்டு மறுபடி யோசிப்பாய். தவறு கண்டுபிடிக்க அவரை விட்டால் ஆள் இல்லை.

நம் ஊரே தெரியாத ஒருவரிடமும் காட்ட வேண்டும். என் முதல் கட்டுரை நான் பிறந்த ஊரின் ஏரியைப் பற்றியது. 'ஏரி கோடி போனால் ஊரே கரையில் நிற்கும்' என்று எழுதியிருந்தேன். இலங்கைத் தமிழர் ஒருவர் உரையாடல் பக்கத்தில் மூன்று கேள்வி கேட்டார். ஏரி என்றால் இயற்கையாக உண்டானதா, மனிதர் கட்டியதா? கோடி போவது என்றால் என்ன? இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அவர்கள் பக்கம் பாசனத்துக்குக் கட்டியதைக் குளம் என்பார்கள். நமக்கு ஏரி என்றாலே கரை கட்டியதுதான், நிரம்பி வழிந்தால் கோடி போகிறது என்போம். இதையெல்லாம் யாருக்காவது விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. கால்வாயைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன், மாவட்ட மைய நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அந்தக் கட்டுரையில் இன்று உருப்படியாக இருக்கும் பகுதி அந்த மூன்று கேள்விகளால் வந்தது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

திருத்தி மறுபடி அனுப்பு கண்ணு. நான் படிக்கிறேன்.

கேள்வி: என் தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1972-ல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு அரசு தந்த தாமிரப் பட்டயம் வாங்கியவர். அவரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் 'குறிப்பிடத்தக்கமை இல்லை' என்று பலகை மாட்டி, ஒரு வாரத்தில் நீக்கிவிட்டார்கள். நாட்டுக்காகச் சிறை போனவர் குறிப்பிடத்தக்கவர் இல்லையா? மனம் ஆறவில்லை.
— காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. அந்தச் சொல் கேட்கிறவர் மனதைப் புண்படுத்துகிற சொல்தான். ஆனால் அது உங்கள் தாத்தாவின் தியாகத்துக்குப் போட்ட மதிப்பெண் அல்ல. குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதி அச்சில் வந்திருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று மறைந்த சுப்பிரமணிய சிவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி நூல்கள் இருக்கின்றன, வழக்கு விவரம் இருக்கிறது, நினைவிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கலாம். பட்டயம் உங்கள் தாத்தா போராடினார் என்பதைக் காட்டும். அவர் வாழ்க்கையைச் சொல்லாது.

நீக்கிய கட்டுரை தொலைந்துவிடவில்லை. நிர்வாகி ஒருவரிடம் கேட்டால் உங்கள் மணல்தொட்டிக்கு மீட்டுத் தருவார்கள். கேட்கும்போதே 'இவர் என் தாத்தா' என்று சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர் எழுதினால் நடுநிலை தவறும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. நீங்களாகவே முன்னால் சொன்னால் நம்பிப் பேசுவார்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்த மாதிரிச் சான்று கிடைத்தால் இதை ஏற்பீர்கள்?' கிடைக்கிற பதில்தான் நீங்கள் தேட வேண்டிய பட்டியல். அந்தக் கால நாளிதழ்கள், மாவட்டப் போராட்ட வரலாறு பற்றிய நூல்கள், விழா மலர்கள் எல்லாம் பாருங்கள்.

எதுவுமே கிடைக்காவிட்டால், வீட்டில் இருக்கும் சிறைக் காகிதம், கடிதம், படம் எல்லாவற்றையும் வைத்து அவரைப் பற்றி ஒரு நல்ல கட்டுரையை இதழ் ஒன்றுக்கு எழுதுங்கள். விக்கிப்பீடியா பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காகிதங்கள் மக்கிப்போவதற்குள் அச்சில் வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை. எழுதினால் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வு பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வரைவு சமர்ப்பித்தேன். இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். சரி என்று இயந்திர மொழிபெயர்ப்பில் தமிழாக்கிப் போட்டேன். 'இது தமிழாக இல்லை' என்கிறார்கள். இரண்டு பக்கமும் இடி!
— ஓசூர் வாசகர்

பதில்: ஆங்கிலத்தில் வரைவுகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். திருப்பி அனுப்பினால் காரணம் எழுதித்தான் அனுப்புவார்கள். நீங்கள் அனுப்பிய நகலில் முதல் முறை 'செய்தித்தாள் வாக்கியங்கள் அப்படியே உள்ளன' என்று இருக்கிறது. இரண்டாம் முறையும் அதே காரணம்தான். காரணத்தைச் சரிசெய்யாமல் மறுபடி அனுப்பியிருக்கிறீர்கள். அது பதிப்புரிமைச் சிக்கல், அதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். செய்தியைப் படித்து மூடி வைத்துவிட்டு உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

தமிழ் வரைவில் இந்த வரி: 'இது மயிலாடும்பாறை தளத்தில் இருந்து இரும்பின் இருப்பு கி.மு. 2172 வரை செல்கிறது என்பதைக் குறிக்கிறது.' இதை உங்கள் வீட்டில் யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எங்கே முகம் சுளிக்கிறார்களோ அங்கே நிறுத்துங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் மாதிரியைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியதில், அதன் காலம் கி.மு. 2172 என்று தெரிந்தது. தமிழ்நாடு அரசு இதை 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தது.' இரும்பைக் கணித்தார்களா, மண்ணடுக்கைக் கணித்தார்களா என்பது இயந்திரத் தமிழில் காணாமலே போயிருந்தது.

'தமிழகத்தின் மிகப் பழைய இரும்பு' என்ற வரியை உடனே எடுத்துவிடுங்கள். 2025 ஜனவரியில் வெளியான, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை முதலான இடங்களின் கணிப்புகள் அதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்னே போய்விட்டன. இதை வெளி ஆள் யாராவது படித்திருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: நான் 'தர்மபுரி' என்று எழுதினால் யாரோ வந்து 'தருமபுரி' என்று மாற்றுகிறார். நான் திரும்ப மாற்றுகிறேன், அவரும் மாற்றுகிறார். நாலு முறை ஆகிவிட்டது.
— அரூர் வாசகர்

பதில்: ஐந்தாம் முறை வேண்டாம். அரசு ஆவணங்களில் தருமபுரி என்றுதான் எழுதுகிறார்கள், அவர் அதைப் பின்பற்றுகிறார். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள், அவரையும் அங்கே கூப்பிடுங்கள். 'தர்மபுரி' என்று தேடுகிறவர்களை நினைத்துத்தான் நீங்கள் மாற்றுகிறீர்கள் என்றால், அதற்கு வழிமாற்று என்று ஒன்று இருக்கிறது. அந்த எழுத்தில் தேடினாலும் அதே கட்டுரைக்குத்தான் வந்து சேர்வார்கள். எந்தப் பெயருக்காவது வழிமாற்று இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம், ஒரு வரி வேலைதான்.